அண்டத்திற்கு ஒரே நேரம் உண்டா?

"இப்பொழுது மணி என்ன?" என்பதைப் போன்ற எளிய கேள்வி உலகில் வேறில்லை என்று நாம் எண்ணியிருக்கிறோம். சுவரிலுள்ள கடிகாரத்தைப் பார்த்தோம், விடை சொன்னோம், வேலைக்குப் போனோம். ஆனால் அந்த மணி எந்த ஊரின் மணி, அதை வகுத்தவர் யார், அது எவ்வளவு தூரம் செல்லும் என்று தொடர்ந்து கேட்போமாயின், அக்கேள்வி தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் தொடங்கி, நட்சத்திர மண்டலங்களையும் கடந்து, இன்றைய விஞ்ஞானம் இன்னும் தீர்க்காத ஒரு வழக்கின் முன் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும். அண்டம் முழுமைக்கும் பொதுவான நேரம் ஒன்று உண்டா என்பதே அவ்வழக்கு. அதன் வரலாற்றை இயன்ற அளவு எளிய நடையில் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொதுநேரம் என்பது வானத்திலிருந்து இறங்கி வந்த பொருளன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலர் கூடி ஒப்புக்கொண்ட இடத்திலும், பல பொருள்கள் ஒருசேர இயங்கும் இடத்திலுமே அது உண்டாகிறது. ஒப்புதலும் ஒருமித்த இயக்கமும் இல்லாத இடத்தில் அதுவும் இல்லை. இது மலாயாவின் கடிகாரத்திற்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு அண்டத்திற்கும் பொருந்துகிறது.

ஊருக்கு ஒரு நேரம்

நம் முன்னோர் நாளொன்றை 60 நாழிகையாகப் பிரித்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். சூரியன் உதிக்கும்போது நாள் பிறந்தது. எனவே நாகப்பட்டினத்திற்கு ஓர் உதயம், கோயமுத்தூருக்கு ஓர் உதயம். ஊருக்கு ஊர் நேரம் வேறு. இதனால் யாருக்கும் எத்தொல்லையும் நேரவில்லை. மாட்டு வண்டி செல்லும் வேகத்தில் சில நிமிட வேற்றுமையைக் கவனிப்பார் எவருமில்லை. ஆயினும் வானநூல் வல்லார் இவ்வேற்றுமையை அறியாதவர் அல்லர். உஜ்ஜயினி வழியாகச் சென்று பூமத்திய ரேகையிலுள்ள இலங்கை என்னும் இடத்தைத் தொடுவதாக ஒரு கோட்டை வகுத்து, அதற்குக் கிழக்கே எவ்வளவு, மேற்கே எவ்வளவு என்று கணக்கைத் திருத்திக்கொண்டனர். தேசாந்தரம் என்பது அதுவே.

அக்கணக்கில் நம்மவர்க்கு இருந்த தேர்ச்சி பிறநாட்டாரையும் வியக்க வைத்தது. 1825-ஆம் ஆண்டில் சென்னையில் வெளியான 'காலசங்கலிதம்' என்னும் நூலில் ஜான் வாரன் என்பவர் ஒரு செய்தி கூறுகிறார். புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாயிருந்த வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணத்தின் நேரத்தைக் கணித்துக் காட்டினாராம். கையில் ஏடும் எழுதுகோலும் இல்லை. கணக்குத் திறமை இவ்வளவு இருந்தும், கணக்கின் காரணங்களை ஆராயும் வழக்கம் அருகிப்போனதை எண்ணி நாம் வருந்தலாம். திறமையே இருந்ததில்லை என்று மட்டும் சொல்லுதற்கில்லை.

ஊர் நேரம் ஒழிந்தது இரயிலாலும் தந்தியாலும். சென்னை வானாராய்ச்சிக் கூடத்தின் நேரம் கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இரயில்கள் கல்கத்தா நேரத்தையும் பம்பாய் நேரத்தையும் விட்டு, இடைப்பட்டதாகிய சென்னை நேரத்தையே மேற்கொண்டன. பின்னர் 1906 ஜனவரி முதல் நாளில் 5 மணி 30 நிமிடம் என்னும் இந்தியப் பொதுநேரம் நடைமுறைக்கு வந்தது. பம்பாயில் கடிகாரம் 39 நிமிடம் முன் தள்ளப்பட்டது. அம்மாதமே அந்நகரத்துப் பஞ்சாலைத் தொழிலாளர் புதிய நேரத்தின்படி வேலைக்கு வர மறுத்துக் கிளர்ச்சி செய்தனர். சூரியன் எழுமுன் எழுந்து ஆலைக்கு ஓட வேண்டியவன் தானல்லவா என்று தொழிலாளி கேட்டதில் தவறென்ன? பம்பாய் நகரசபை தன் பழைய நேரத்தை 1955 வரையிலும், கல்கத்தா தன்னுடையதை 1948 வரையிலும் விடாது வைத்திருந்தன.

மலாயாவின் கடிகாரம்

இந்நாட்டின் கதை இன்னும் சுவையுடையது. ராசாவும் சிரம்பானும் ஏறத்தாழ 102-ஆம் பாகைத் தீர்க்கரேகையில் உள்ளன. பாகை ஒன்றுக்கு 4 நிமிடம். எனவே சூரியன் சொல்லும் நேரம் கிரீனிச்சுக்கு 6 மணி 48 நிமிடம் முந்தியதாகும். ஆனால் கடிகாரம் சொல்லியது என்ன?

1901-இல் சிங்கப்பூரின் நேரமாகிய 6 மணி 55 நிமிடச் சொச்சம் தீபகற்பத்திற்கும் பொதுவாக்கப்பட்டது. 1905 ஜூன் முதல் நாளில் அது சரியாக 7 மணி ஆக்கப்பட்டது. 1933-இல் பகல் வெளிச்சத்தை மிச்சப்படுத்துவதென்று 20 நிமிடம் கூட்டினர். 1941 செப்டம்பரில் இன்னும் 10 நிமிடம் கூட்டி 7½ மணி ஆக்கினர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தவுடன் ஜப்பானியர் டோக்கியோ நேரத்தையே இங்கும் நாட்டினர்; அது 9 மணி. ராசாவில் சூரியன் உச்சிக்கு வந்தபோது கடிகாரம் பிற்பகல் 2 மணி 12 நிமிடம் காட்டியது. ஆண்டுக்கும் அவர்கள் விதித்த எண் 2602. அந்த எண்ணையும் அந்த நேரத்தையும் எழுதிய காலத்திலேதான் தோட்டத்துத் தமிழர் பல்லாயிரவர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். 1945-இல் 7½ மணி மீண்டது. 1981 டிசம்பர் 31 இரவு, சபா சரவாக்கோடு நாடு முழுவதும் ஒரே நேரம் இருக்க வேண்டுமென்று தீபகற்பம் தன் கடிகாரத்தை அரைமணி முன் தள்ளி 8 மணியாக்கிக்கொண்டது. சிங்கப்பூரும் உடன் வந்தது. இன்றும் அதுவே நடக்கிறது.

எண்பது ஆண்டுகளுக்குள் கடிகாரம் இத்தனை முறை மாறியது. இரப்பர் மரம் ஒரு நிமிடமும் மாறவில்லை. வெயில் ஏறுமுன், குளிர்ந்த வைகறையில்தான் மரத்தில் பால் நன்றாக வடியும். தோட்டத்தின் உண்மையான கடிகாரம் மரத்தின் பட்டைக்குள் இருந்தது. ஆகவே மேலிடத்தார் கடிகாரத்தை முன் தள்ளும்போதெல்லாம் பெரட்டின் மணி எண்ணையும் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. இல்லையேல் தொழிலாளி இருளில் நின்றிருப்பான். யான் தோட்டத்துக் கிராணி. பெரட்டு ஏட்டில் வந்தவன் பெயரையும் வந்த நேரத்தையும் எழுதுவதே என் தொழில். அந்த ஏட்டில் ஒரு நிமிடம் முந்தினால் முழுச்சம்பளம், பிந்தினால் கேள்வி. நேரம் என்பது தத்துவ விசாரணை மாத்திரம் அன்று, அது கூலி விஷயமும் ஆகும் என்பதை அறிய எனக்குப் புத்தகம் வேண்டியதில்லை.

1926-இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' கப்பலில் ஏறி நாகப்பட்டினத்திலிருந்து வந்த நம் பாட்டன்மார், இந்திய நேரத்தை விட்டு மலாயா நேரத்திற்குள் வந்தபோது ஒன்றரை மணி இழந்தனர். 1933-க்குப் பின் வந்தவர் 1 மணி 50 நிமிடம் இழந்தனர். இன்று விமானத்தில் வருகிறவர் இழப்பது இரண்டரை மணி. நிலமும் கடலும் நகரவில்லை. நகர்ந்தது மனிதரின் உடன்படிக்கை.

பெர்ன் நகரத்துக் குமாஸ்தா

"சரி, கடிகாரங்கள் மனிதர் செய்தவை, மாறட்டும். அவற்றுக்கெல்லாம் பின்னால் உண்மையான நேரம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறதல்லவா?" என்று அன்பர்கள் கேட்கலாம். 1687-இல் வெளிவந்த தம் பெருநூலில் நியூட்டன் கூறியது அதுவே. எப்பொருளையும் சாராமல், எங்கும் ஒரே சீராக, தானே ஓடும் நேரம் ஒன்றுண்டு என்றார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அதை மறுத்து வென்றவர் இல்லை.

மலாயா தன் கடிகாரங்களை 7 மணிக்கு ஒன்றாக்கிய 1905 ஜூன் மாதத்திலேயே, அம்மாத இறுதியில், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த இளைஞர் ஒருவரின் கட்டுரை ஜெர்மானிய விஞ்ஞானப் பத்திரிகை ஒன்றின் கைக்குச் சென்றது. அவரே ஐன்ஸ்டைன். நியூட்டனின் நேரம் அக்கட்டுரையோடு வீழ்ந்தது.

அவர் வாதத்தை நம் ஊர் நிலையத்தில் வைத்துப் பார்ப்போம். சிரம்பான் இரயில் மேடையின் இரு கோடிகளிலும் இரு விளக்குகள். மேடையின் நடுவில் நிற்பவருக்கு இரண்டின் ஒளியும் ஒரே கணத்தில் வந்து சேர்கின்றன. "இரண்டும் ஒரே நேரத்தில் ஏற்றப்பட்டன" என்கிறார் அவர். அப்போது நிற்காமல் செல்லும் வண்டி ஒன்றின் நடுவில் மற்றொருவர் இருக்கிறார். விளக்குகள் எரிந்த கணத்தில் அவர் மேடைக்காரருக்கு நேரே இருந்தார் என்று கொள்வோம். வண்டி முன் விளக்கை நோக்கி ஓடுவதால் அதன் ஒளி அவரை முந்தி எட்டுகிறது. ஒளியின் வேகமோ நிற்பவருக்கும் ஓடுபவருக்கும் ஒன்றே என்பது சோதனைகளால் உறுதிப்பட்ட செய்தி. ஆகவே அவர், "முன் விளக்கே முதலில் எரிந்தது" என்கிறார். இருவரும் பொய்யர் அல்லர். தொலைவிலுள்ள இரு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் நடந்தனவா என்பதற்கு, எல்லோருக்கும் பொதுவான விடை இல்லை என்பதே இதன் முடிவு.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. வழிகாட்டும் துணைக்கோள்களிலுள்ள கடிகாரங்கள், பூமியின் ஈர்ப்பு அங்கே தளர்ந்திருப்பதால் நாளொன்றுக்கு 45 மைக்ரோ வினாடி விரைகின்றன; வேகமாய் ஓடுவதால் 7 மைக்ரோ வினாடி பின்தங்குகின்றன; மிச்சம் 38. இதைத் திருத்தாவிடின், நம் கைபேசி காட்டும் இடம் ஒரே நாளில் 10 கிலோமீட்டர் அளவு பிழைபடும்.

ஆயினும் ஒன்று அசையாமல் நிற்கிறது. காரணம் முன், காரியம் பின் என்னும் ஒழுங்கை எவ்வண்டியில் ஏறியும் மாற்ற முடியாது. விதைத்தபின் முளைத்தது, வேலை செய்தபின் கூலி வந்தது என்பவை யாருக்கும் தலைகீழாகத் தோன்றா. ஒளி எட்டாத தொலைவிலுள்ளவற்றுக்குள் மட்டுமே முன்பின் மாறித் தோன்றும். இவ்வேற்றுமையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். முடிவில் இது நமக்குத் தேவைப்படும்.

அண்டத்தின் பெரட்டு மணி

1915-இல் ஐன்ஸ்டைன் தம் பொதுச் சார்புக் கொள்கையை முடித்தார். ஈர்ப்பு என்பது இடமும் காலமும் சேர்ந்த பரப்பின் வளைவு என்றார். ஈர்ப்பு மிகுந்த இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடும். அப்படியானால் இடத்திற்கு இடம் வேறுபடும் கடிகாரங்களைக் கொண்டு அண்டத்திற்குப் பொதுநேரம் எப்படிச் சொல்வது?

விந்தை என்னவெனில், துரத்திவிடப்பட்ட பொதுநேரம் இக்கொள்கையின் வழியே வேறு வாயிலாகத் திரும்பி வந்தது. 1922-இல் ரஷ்யாவின் பிரீட்மன், 1927-இல் பெல்ஜியத்தின் லெமெத்ர் ஆகியோர் அண்டம் விரிவதாகக் கணக்கிட்டனர். 1929-இல் ஹபிள் நட்சத்திர மண்டலங்கள் அகன்று செல்வதைக் காட்டினார். இடையே 1923-இல் ஹெர்மன் வைல் ஒரு கருத்தை முன்வைத்தார். மண்டலங்கள் தாறுமாறாக ஓடாமல், ஒரே ஊற்றிலிருந்து விரிந்த கதிர்களைப் போலச் செல்லுமாயின், ஒவ்வொன்றும் தன்னோடு ஒரு கடிகாரத்தைக் கொண்டு செல்வதாகக் கருதலாம், அவையெல்லாம் ஒத்துப்போகும். அதுவே அண்டப் பொதுநேரம்.

1965-இல் பென்சியாஸ், வில்சன் இருவரும் வானெங்கும் பரந்திருக்கும் நுண்ணலை வெப்பத்தைக் கண்டறிந்தபோது அந்தக் கடிகாரத்திற்கு முள் கிடைத்தது. அண்டம் விரிய விரிய அவ்வெப்பம் குறைகிறது. இன்று தனிச்சுழியிலிருந்து 2.7 பாகை. எந்த மண்டலத்தில் யார் இருந்தாலும் இவ்வெப்பத்தை அளந்து, அண்டத்தின் வயதைச் சொல்லிவிடலாம். தோட்டத்தில் பெரட்டு மணி அடித்தால் எல்லா லயத்திலும் கேட்பதைப் போன்றது இது. அவ்வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு. நம் சூரிய மண்டலம் அவ்வெப்பக் கடலில் வினாடிக்கு 370 கிலோமீட்டர் வேகத்தில் நீந்திக்கொண்டிருப்பதும் அளந்தறியப்பட்டுள்ளது.

ஆனால் இதுவும் சராசரி நேரமே. மண்டலங்கள் நெருங்கிய இடத்தில் கடிகாரம் சற்றுப் பிந்தும்; வெறுமையான பெருவெளியில் சற்று முந்தும். சூரியன் காட்டும் நேரத்தை ஒதுக்கிவிட்டு மலாயாவுக்கெல்லாம் ஒரு நேரம் வகுத்ததைப் போலவே, இங்கும் சிறு வேற்றுமைகளை ஒதுக்கியே பொதுநேரம் வகுக்கப்பட்டது.

கல்கத்தாவில் எழுந்த கேள்வி

மண்டலங்கள் ஒழுங்காகச் செல்லாவிடின் என்ன ஆகும்? 1949-இல் ஐன்ஸ்டைனின் எழுபதாம் ஆண்டு நிறைவையொட்டிய நூலில், அவருடைய நண்பரும் தர்க்க வல்லவருமான கர்ட் கோடெல் இக்கேள்வியையே எழுப்பினார். பொருள் யாவும் எங்கும் சுழன்றுகொண்டிருக்கும் அண்டம் ஒன்றைச் சமன்பாடுகளின் வழியே அமைத்துக் காட்டினார். அங்கே பொதுநேரம் அடியோடு இல்லை.

காரணத்தை ஓர் உவமையால் விளக்கலாம். ஒரு பெருவட்டத்தில் நின்றிருக்கும் ஆட்கள், பக்கத்திலிருப்பவன் கடிகாரத்தைப் பார்த்துத் தம் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டே போகிறார்கள் என்க. வட்டம் சுழலாதிருந்தால் கடைசி ஆளின் நேரம் முதல் ஆளின் நேரத்தோடு ஒட்டும். சுழன்றால் ஒட்டாது, திருகு படிக்கட்டில் ஒரு சுற்று வந்தவன் புறப்பட்ட படியில் நிற்காமல் மேல்மாடியில் நிற்பதைப் போலாகும். நம் பூமியே சுழல்வதால், பூமத்திய ரேகையைச் சுற்றி இவ்வாறு கடிகாரங்களை ஒப்பிட்டு வந்தால் ஒரு வினாடியின் நூறு கோடியில் 207 பங்கு பிழை விழுகிறது. துல்லியக் கடிகாரம் வைத்திருப்போர் இதையும் திருத்திக்கொள்கின்றனர்.

இவ்விடத்தில் நம் நாட்டவர் ஒருவர் வருகிறார். 1923-இல் கிழக்கு வங்காளத்துப் பாரிசாலில் பிறந்த அமல்குமார் ராய்சௌதுரி. கல்கத்தாவில் விஞ்ஞான வளர்ச்சிக்கான இந்தியச் சங்கத்தில் வேலை பார்த்தார். அங்கே அவருக்கு இடப்பட்ட பணி உலோகங்களின் தன்மையை ஆராய்வது. அவர் உள்ளமோ அண்டத்தை நாடியது. இடப்பட்டதையும் செய்து, நாடியதையும் விடாமல், 1955-இல் அமெரிக்கப் பௌதிகப் பத்திரிகையில் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். பொருளின் ஓட்டம் விரிகிறதா, நெளிகிறதா, சுழல்கிறதா என்று அச்சமன்பாடு தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. ஈர்ப்பு பொருளைக் குவிக்கிறது. சுழற்சி ஒன்றே அக்குவிதலை எதிர்த்து நிற்கிறது. சுழற்சி சுழியமாயின், ஓட்டத்திற்குக் குறுக்கே "இப்பொழுது" என்னும் பரப்பைப் பிளவின்றி வரையலாம், பொதுநேரம் கிடைக்கும். சுழற்சி இருந்தால் அப்பரப்பு கிழிந்துபோகும். 1965-இல் பென்ரோசும், பின் ஹாக்கிங்கும் நிறுவிய பெரு முடிவுகள் இச்சமன்பாட்டின் தோளில் ஏறி நிற்கின்றன. ராய்சௌதுரி பின்னர்க் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பல ஆண்டுகள் மாணவர்க்குப் பாடம் சொல்லி, 2005-இல் மறைந்தார்.

நம் அண்டம் சுழல்கிறதா? துணைக்கோள்கள் நுண்ணலை வெப்பத்தை அளந்து பார்த்ததில் சுழற்சியின் தடயம் காணப்படவில்லை. இருந்தால் மிக மிக நுண்ணியதாகவே இருக்க வேண்டும். ஆகவே நமக்குப் பொதுநேரம் உண்டு. ஆனால் அது இயற்கைச் சட்டத்தின் கட்டளையால் வந்ததன்று. நம் அண்டம் இவ்வாறு நிகழ்ந்ததால் கிடைத்தது. வேறுவிதமாய் நிகழ்ந்திருந்தால் கிடைத்திராது. கோடெலோ இதற்கு மேலும் ஓரடி சென்றார். பொருள்கள் அமைந்த விதத்தைப் பொறுத்து இருந்தும் இல்லாமலும் போகக்கூடிய ஒன்றை மெய்ப்பொருள் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். அக்கேள்விக்கு எல்லாரும் ஒப்பும் விடை இன்றளவும் எழவில்லை.

நேரம் இல்லாத சமன்பாடு

அணுவுலகை ஆளும் குவாண்டம் கொள்கைக்கு வெளியிலிருந்து டிக் டிக்கென்று அடிக்கும் ஒரு கடிகாரம் வேண்டும். ஈர்ப்புக் கொள்கையிலோ கடிகாரமும் அண்டத்திற்குள் அடங்கிய ஒரு பொருள்தான். வெளியே நிற்க இடமில்லை. இரண்டையும் ஒன்று சேர்த்தால் என்ன வரும்? 1967-இல் பிரைஸ் டிவிட், ஜான் வீலரின் தூண்டுதலோடு அண்டம் முழுமைக்குமான ஒரு சமன்பாட்டை எழுதினார். அதில் நேரம் என்னும் எழுத்தே வரவில்லை. அதை அப்படியே படித்தால், எதுவும் மாறுவதில்லை என்று பொருள்படும். காலையில் முளைத்து மாலையில் வாடும் பூவையும், நரைக்கும் நம் தலையையும் அச்சமன்பாட்டில் எங்கே தேடுவது?

1990-களின் தொடக்கத்தில் கரேல் குகாஷ், கிறிஸ்டபர் ஐஷம் ஆகியோர் இவ்வழக்கிலுள்ள கட்சிகளை மூன்றாக வகுத்துக் காட்டினர். முதற் கட்சியார், இரு கொள்கைகளையும் சேர்க்குமுன்பே ஒரு கடிகாரத்தைத் தேர்ந்துகொள் என்பர். 1972-இல் ஜேம்ஸ் யார்க், எங்கும் விரிவு வீதம் ஒன்றாயுள்ள பரப்பையே "இப்பொழுது" என்று கொள்ளலாம் என்று காட்டியது இக்கட்சிக்குத் துணையாயிற்று. இரண்டாங் கட்சியார், முதலில் சேர். கடிகாரத்தைப் பின்னர்த் தேடு என்பர். மூன்றாங் கட்சியார், அடிப்படையில் நேரமே வேண்டாம். ஒரு பொருளின் நிலைக்கும் மற்றொரு பொருளின் நிலைக்கும் உள்ள பொருத்தமே நேரமாக நமக்குத் தோன்றுகிறது என்பர். 1983-இல் பேஜும் வூட்டர்சும் இவ்வழியைத் திறந்தனர். 1999-இல் ஜூலியன் பார்பர் நேரத்தின் முடிவு என்றே ஒரு நூல் எழுதினார்.

எக்கட்சிக்கும் இடையூறு உண்டு. முதற் கட்சியாருக்குள்ள இடையூறு பெரிது. ஒரு கடிகாரத்தைத் தேர்ந்தால் ஒரு குவாண்டம் கொள்கை வருகிறது. வேறொன்றைத் தேர்ந்தால் வேறு கொள்கை வருகிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. சிங்கப்பூர் நேரமா, டோக்கியோ நேரமா என்பதில் எண் மட்டுமே மாறும். நடந்த செயல் மாறாது. இங்கோ எண்ணோடு செயலும் மாறும்போலிருக்கிறது. தொல்லை அதுவே.

இவ்வாராய்ச்சியில் இந்தியர் பின்தங்கியவர் அல்லர். மகாராஷ்டிரத்தில் பிறந்த அபய் அஷ்டேகர் 1986-இல் ஈர்ப்புச் சமன்பாடுகளைப் புதிய வடிவில் எழுதிக் காட்டினார். 2005-இல் சென்னைத் தரமணியிலுள்ள கணித விஞ்ஞானக் கழகத்தில் கனஷ்யாம் தாத்தேயும் கோலம் ஹொசைனும், அவ்வழியே சென்றால் அண்டம் ஒரு புள்ளியில் பிறந்ததாக அன்றி, முன் சுருங்கிய ஒன்று துள்ளி விரிந்ததாகவே பொதுவாக முடிகிறது என்று கணக்கிட்டனர். 2006-இல் அஷ்டேகர், பாவ்லோவ்ஸ்கி, பரம்பிரீத் சிங் மூவரும் அத்துள்ளலை விரிவாகத் தொடர்ந்து கணித்தனர். அவர்கள் கடிகாரமாகக் கொண்டது வெளியிலுள்ள நேரத்தை அன்று. அண்டத்திற்குள்ளேயே பரவியிருக்கும் ஒரு பொருட்புலத்தை. அப்புலத்தின் அளவு இவ்வளவாகும்போது அண்டத்தின் பருமன் எவ்வளவு என்பதே கேள்வி. மணலைக் கொண்டு நாழிகை அளப்பதைப் போலப் பொருளைக் கொண்டு பொருளை அளக்கும் வழி இது.

1987-இல் சார்க்கினும் அவர் துணைவரும் வேறொரு பாதை வகுத்தனர். இடமும் காலமும் தொடர்ச்சியான பரப்பு அல்ல. தனித்தனி நிகழ்ச்சிகளின் கூட்டம். அவற்றுக்குள் எது முன், எது பின் என்னும் உறவு ஒன்றே அடிப்படை என்றனர். சர் சி. வி. ராமன் 1948-இல் பெங்களூரில் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் சுமதி சூர்யா இக்கொள்கையை ஆராய்ந்துவந்துள்ளார். இக்கொள்கையில் பொதுவான "இப்பொழுது" இல்லை. ஆனால் முன்பின் என்பது கல்லில் எழுத்தாய் நிற்கிறது.

இவற்றுள் எதையும் எச்சோதனையும் இதுவரை நிலைநாட்டவில்லை. ஆகவே எக்கட்சிக்கும் வெற்றிமாலை சூட்டுவது அவசரமாகும்.

நாம் கொள்ள வேண்டியது

இவ்வளவும் அறிவதால் நமக்கென்ன என்று கேட்போர் உளர். இரண்டு செய்திகள் உள.

முதலாவது, நேரத்தின் பெயரால் நம்மை அச்சுறுத்துவோரைப் பற்றியது. இராகு காலம் என்பது பகலை எட்டுக் கூறாக்கி அவற்றுள் ஒன்றை விலக்குவதாம். திங்கட்கிழமைக்கு இரண்டாங் கூறு. காலை 6 மணிக்கு உதயம் என்று கொண்டு, அதை 7½ முதல் 9 வரை என்று அச்சிடுகின்றனர். ராசாவில் இன்று சூரியன் சராசரியாக 7 மணி 8 நிமிடத்திற்கு உதிக்கிறது. அவர்கள் விதிப்படியே பார்த்தாலும் இரண்டாங் கூறு 8 மணி 40 நிமிட அளவில்தான் தொடங்கும். 1981-இல் அது 8 மணி 10. 1932-இல் 7 மணி 40. டோக்கியோ நேரம் நடந்தபோது 9 மணி 40. சட்டசபையும் படையெடுப்பும் இராகுவை அங்குமிங்கும் நகர்த்தின என்று சொல்வார்களா? அச்சிட்ட 7½ மணிக்கு அஞ்சி, மருத்துவமனைக்குப் பிள்ளையை எடுத்துச் செல்லாமல் 9 மணி வரை காத்திருக்கும் தாய் எந்த நேரத்திற்கு அஞ்சுகிறாள்? அண்டத்தின் நேரத்திற்கா, அச்சுக்கூடத்தின் நேரத்திற்கா? அண்டத்திற்கே கட்டளையாய் ஒரு நேரம் கிடையாது என்று விஞ்ஞானிகள் வழக்காடும்போது, அதில் நல்லதும் கெட்டதும் பிரித்துவைத்தது யார் என்று அவளிடம் அன்போடு கேட்பது நம் கடமை.

இரண்டாவது, இதற்கு நேர்மாறான ஏமாற்று. "நேரமே இல்லை என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டது, எல்லாம் மாயை என்று நாங்கள் முன்னமே சொன்னோம்" என்று மேடையில் முழங்குவோர் பெருகிவருகின்றனர். விஞ்ஞானம் அப்படிச் சொல்லவில்லை. எல்லார்க்கும் பொதுவான "இப்பொழுது" உண்டா என்பதே வழக்கு. காரணம் முன், காரியம் பின் என்பதை, மேலே கண்ட சார்புக் கொள்கை அசைக்கவில்லை. சார்க்கின் கூட்டத்தாரோ அதையே அடித்தளமாக வைத்தனர். உழைத்தவன் முன், கூலி பின். கொடுக்க வேண்டியவன் கொடுக்காமலிருந்துவிட்டு, காலமே மாயை என்று தப்ப எந்தச் சமன்பாட்டிலும் இடமில்லை. தோட்டத்தில் முப்பதாண்டு பால்மரம் வெட்டியவனின் கை காய்ப்பு மாயையன்று.

பொதுநேரம் வேண்டாம் என்று யாம் சொல்லவில்லை. அது இன்றி இரயிலும் ஓடாது, பள்ளியும் நடவாது. ஆனால் அது மனிதர் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடு. செய்யப்பட்டதாகலின், யாருடைய வசதிக்காகச் செய்யப்பட்டது என்று கேட்கலாம். தீங்கு தந்தால் மாற்றலாம். 1906-இல் பம்பாய்த் தொழிலாளி கேட்டதும், 1949-இல் கோடெல் கேட்டதும், 1955-இல் ராய்சௌதுரி கணக்கிட்டதும் அடிப்படையில் ஒன்றே: பொது என்று சொல்லப்படுவது எந்த நிபந்தனையின்மேல் நிற்கிறது? இக்கேள்வியை நம் பிள்ளைகள் நேரத்தைப் பற்றி மட்டுமன்றி, பொது வழக்கம், பொது விதி என்று அவர்கள் கையில் கொடுக்கப்படும் ஒவ்வொன்றைப் பற்றியும் கேட்கப் பழகுவார்களாக.